சென்னைக்கு வருகிறீர்களா? ஒரு நாள் ஜார்ஜ் டவுனுக்கு ஒதுக்குங்கள்

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருபவர்களிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் மெரினா, வண்டலூர், தி.நகர் என்று மூன்று பெயர்கள் வரும். தவறில்லை. ஆனால் சென்னை நகரம் உருவான கதை கிடப்பது கோட்டைக்கும் பாரிமுனைக்கும் பின்னால் இருக்கும் நெரிசலான தெருக்களில்தான். அங்கே கண்ணுக்கும் வயிற்றுக்கும் விருந்து உண்டு. இடம்பெயர்க்கப்பட்ட மனிதர்கள் கட்டிய ஊர் அது என்பது என் எண்ணம்.

காலையில் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரை கிடைத்தது 1639இல். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் இங்கேதான் நடந்தது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாற வேண்டாம்.

கோட்டைக்கு வடக்கே இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் நம் மக்கள் வாழ்ந்த 'கருப்பர் நகரம்' இருந்தது. நெசவாளர்கள், துபாஷிகள், வணிகர்கள் என்று ஒரு முழு ஊர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் மறைந்துகொண்டு சுடலாம் அல்லவா? பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள், மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். பீரங்கிக் குண்டு தடையில்லாமல் பாய வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம்! அந்த வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து பேருந்து பிடிக்கிறார்கள்.

அங்கே இருந்த பழைய கோயிலும் தப்பவில்லை. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று சென்ன கேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீஸ்வரருக்கும் வேறிடத்தில் கோயில் எழுப்பினார். பூக்கடைக்கு அருகே தேவராஜ முதலி தெருவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வடக்கே நகர்ந்த மக்கள் அமைத்த புதிய கருப்பர் நகரத்துக்குத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை வைத்தார்கள்.

அரண்மனைக்காரன் தெரு என்ற பெயரைக் கேட்டு அரண்மனையைத் தேடாதீர்கள். ஆர்மீனியன் என்ற சொல் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் அங்கே இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இந்த வளாகத்திலேயே உள்ளது. இன்று வழிபட ஆர்மீனியர்கள்தான் அநேகமாக இல்லை.

இதற்குள் பசித்திருக்கும். சௌகார்பேட்டை பக்கம் திரும்பினால் தங்கசாலைத் தெருவில் ஜிலேபியும் பாதாம் பாலும் கிடைக்கும். வட்டிக்கடை சௌகார்கள் தந்த பெயர் அது. முறுக்குக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச்சையும் விடாதீர்கள். ஆனால் வயிற்றில் கொஞ்சம் இடம் வையுங்கள். மாலையில் கடற்கரை ரயில் நிலையம் அருகே செகண்ட் லைன் பீச் தெருவுக்குப் போக வேண்டும்.

அங்கே தள்ளுவண்டிகளில் விற்பது அத்தோ. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ, புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சூடான வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயத்தை அடைத்துத் தருவதும் உண்டு. நான் முதலில் சாப்பிட்டபோது சீன உணவு என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள். இது பர்மாவின் உணவு.

பர்மாவில் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் கடைகளிலும் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருந்தார்கள். 1962இல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின, அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றார்கள். ஒரே வருடத்தில் கடையும் போய், பெட்டியில் இருந்த பணமும் காகிதமாகிவிட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறித் தாயகம் திரும்பினார்கள். தாயகம் என்றாலும் அவர்களில் பலர் பிறந்தது பர்மாவில், தமிழ்நாட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை! பல ஊர்களில் இன்றும் 'பர்மா காலனி' இருப்பது இதனால்தான். சென்னையில் கடற்கரைச் சாலையோரம் அவர்களுக்காக 1969இல் தொடங்கியதே பர்மா பஜார். வெளிநாட்டுப் பொருள் வாங்கப் போனவர்கள் பலர், அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. கிளைவின் திருமணத்தைப் படித்த எனக்கு இந்தக் கப்பல்களைப் பற்றிப் பள்ளியில் படித்த நினைவே இல்லை. ரங்கூனில் பிறந்து வந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தொட்டிருப்பார்கள். வண்டிக்காரர் வயதானவராக இருந்தால், கூட்டம் குறைந்த நேரத்தில் எந்த ஊரில் பிறந்தீர்கள் ஐயா என்று கேட்டுப் பாருங்கள்.

போவதற்குக் கடற்கரை மின்ரயில் வசதி, மெட்ரோ என்றால் மண்ணடி நிலையத்தில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். காரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பிசைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.