மதராஸில் தோன்றி வங்கத்தின் பெயர் பெற்ற கிருமி

1992ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மதராஸிலும் மதுரையிலும் வாந்திபேதியோடு மருத்துவமனைக்கு வந்தவர்களிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிருமி ஆய்வகங்களைக் குழப்பியது. நோய்க்குறிகள் அனைத்தும் காலராவுக்குரியவை. வளர்ப்பு ஊடகத்தில் கிருமியின் நடத்தையும் காலராக் கிருமியினுடையதே. ஆனால் காலராவை உறுதிசெய்வதற்கு அதுவரை பயன்பட்டுவந்த ஓ1 எதிர்ச்சீரத்தோடு அது திரளவில்லை. அன்று அறியப்பட்டிருந்த 138 சீரவகைகளில் எதனோடும் பொருந்தாத அதற்கு ஓ139 என்ற எண் தரப்பட்டது. சில வாரங்களுக்குள் அது கல்கத்தாவை எட்டியது. 1993இன் தொடக்கத்தில் வங்கதேசத்தில் பரவியது. காலரா வழக்கமாகக் குழந்தைகளையே மிகுதியாகத் தாக்கும் ஊர்களிலும் இம்முறை பெரியவர்கள் வீழ்ந்தனர். பழைய ஓ1 தொற்றினால் அவர்கள் உடலில் சேர்ந்திருந்த எதிர்ப்பாற்றல் புதிய கிருமியை அடையாளம் காணவில்லை. எட்டாவது உலகப் பெருந்தொற்று தொடங்கிவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது.

புதிய வகைக்கு இடப்பட்ட மறுபெயர் 'பெங்கால்'. வங்காள விரிகுடாவின் கரையோர ஊர்களில் முதலில் கிடைத்தமையால் அப்பெயர். விரிகுடாவைச் சுட்டிய பெயர் நாளடைவில் மாநிலத்தைச் சுட்டுவதாகவே வாசிக்கப்பட்டது. மதராஸ் அப்பெயருக்குள் மறைந்துபோனது. மொழியியல் பயின்றவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒரு பெயர், பெயரிட்டவர் நின்ற இடத்தைச் சொல்லும்; பெயரிடப்பட்டதன் பிறப்பிடத்தைச் சொல்ல வேண்டும் என்பதில்லை.

காலராவின் வரலாறு நெடுகிலும் இச்சிக்கல் உண்டு. போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில், கடும் வாந்திபேதி நோயொன்றை உள்ளூர்ச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார். (மாஹிமில் இருந்து எழுதுபவள் என்ற முறையில் ஒரு செய்தி: பம்பாய்த் தீவைப் போர்த்துகீசிய அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்றிருந்தவர் இவர்.) மராத்தி, கொங்கணி வழக்கிலிருந்து போர்த்துகீசியத்துக்குள் 'மோர்தெஷி' எனச் சென்ற அச்சொல், பிரெஞ்சுக்காரர் வாயில் 'மோர் த ஷியான்', அதாவது 'நாயின் சாவு' எனத் திரிந்தது. பொருள் விளங்காத அயற்சொல்லுக்குத் தம் மொழியிலேயே பொருள் கற்பித்துக்கொள்ளும் மக்கள் வழக்கு அது. சொல் பயணப்பட்ட வழியை நம்மால் காட்ட முடிகிறது. ஆனால் ஓர்த்தா கண்ட நோயும் 1817இல் வங்கத்திலிருந்து உலகெங்கும் கிளம்பிய நோயும் ஒரே கிருமியால் விளைந்தவையா என்பதை அச்சொல்லைக் கொண்டு நிறுவ இயலாது.

பெயர் அரசியலாகவும் மாறியது. 1865இல் மெக்கா யாத்திரிகரிடையே காலரா வெடித்து ஐரோப்பாவுக்குப் பரவிய பின், 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு அந்நோயின் தாயகம் இந்தியா, குறிப்பாகக் கங்கைச் சமவெளி என்று முடிவு செய்தது. 'ஆசியக் காலரா' என்ற தொடர் மருத்துவ நூல்களில் நிலைபெற்றிருந்த காலம் அது. பம்பாயிலிருந்து புறப்பட்ட யாத்திரைக் கப்பல்கள் ஐயத்துக்குரியவை ஆயின. வணிகத்தைத் தடைசெய்யும் தனிமைப்படுத்தலை விரும்பாத பிரித்தானிய இந்திய அரசோ, நோய் மனிதரால் பரவுகிறது என்பதையே நெடுங்காலம் ஏற்க மறுத்தது. இரு தரப்பிடமும் கருத்து இருந்தது; கிருமியின் கால்வழியைக் காட்டும் சான்று இல்லை.

அச்சான்று கிடைக்கத் தொடங்கியது 21ஆம் நூற்றாண்டில்தான். காலராக் கிருமியின் முழு மரபணுத்தொகுதி முதன்முதலாக 2000ஆம் ஆண்டில் வெளியானது. இரு நிறமூர்த்தங்களில் ஏறத்தாழ 40 இலட்சம் எழுத்துகள் கொண்ட நூல் அது. கிருமி பெருகும்போது இந்நூல் படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பில் பிழை நேர்கிறது. உலகில் இப்போது பரவிவரும் காலராக் கால்வழியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 எழுத்துகள் மாறுகின்றன. ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தோர் நன்கறிந்த உத்தி இங்கும் பயன்படுகிறது. இரண்டு சுவடிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், அவை ஒரே மூலச்சுவடியிலிருந்து வந்தவை எனக் கொள்கிறோம். மொழிக்குடும்ப ஆய்விலும் அப்படியே: பொதுவாகத் தக்கவைக்கப்பட்ட பழமையைவிட, பொதுவாக ஏற்பட்ட புத்தாக்கமே கிளையை வரையறுக்கிறது. மரபணு ஆய்வு இதனோடு காலக்கணக்கையும் சேர்க்கிறது. சேகரிக்கப்பட்ட ஆண்டு தெரிந்த மாதிரிகள் பல இருந்தால், மாற்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மூதாதையின் காலத்தை மதிப்பிடலாம்.

2011இல் அங்கூர் முத்ரேஜாவும் உடனாய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இம்முறையில் 154 காலரா மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டது. 1961இல் இந்தோனேசியாவில் தொடங்கியதாகப் பதிவான ஏழாம் பெருந்தொற்றின் கிருமிகள் யாவும் 1950களில் வாழ்ந்த ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் என்பதும், அவை வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து குறைந்தது 3 அலைகளாக, ஒன்றன்மேல் ஒன்று கவிந்து, உலகெங்கும் பரவின என்பதும் அதன் முடிவுகள்.

மதராஸ் கிருமியின் புதிரும் இவ்வழியில்தான் தெளிவானது. ஓ139 புதிய குலத்தைச் சேர்ந்ததன்று. எல்டோர் என்னும் ஓ1 வகையின் நேர்வாரிசுதான் அது. மேலுறைச் சர்க்கரைகளை உருவாக்கும் மரபணுப் பகுதி மட்டும் முற்றாக நீங்கி, அவ்விடத்தில் வேறொரு கிருமியிடமிருந்து வந்த பகுதி அமர்ந்திருந்தது. எதிர்ச்சீரம் பார்ப்பது உறையை மட்டுமே. அரபுத்தமிழ் ஏடு ஒன்றை முதன்முறை காண்பவர் எழுத்தைப் பார்த்து அதை அரபு என்றே கருதக்கூடும். வாசித்துக் காட்டினால் தமிழ் எனத் தெரியும். வரிவடிவம் மொழியன்று. உறையும் குலமன்று. ஆயினும் உறை பொருட்டற்றது என்று சொல்லிவிட முடியாது: நம் உடலின் எதிர்ப்பாற்றலும் உறையைப் பார்த்தே கிருமியை அடையாளம் காண்கிறது. பெரியவர்கள் மீண்டும் நோயுற்றதன் காரணம் அதுவே.

அக்கிருமியில் மற்றொரு கடன்பொருளும் இருந்தது. சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் முதலிய மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களைத் தாங்கிய, ஏறத்தாழ ஓர் இலட்சம் எழுத்து நீளமுள்ள துண்டு அது. ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்ல அத்துண்டுக்கு எஸ்எக்ஸ்டி என்று பெயர். அது முதலில் இனங்காணப்பட்டது எம்ஓ10 என்னும் ஓ139 கிருமியில். 1992இல் மதராஸில் எடுக்கப்பட்ட மாதிரி அது. தாய் மகளுக்குத் தரும் சொத்தன்று இது; அண்டை வீட்டில் வாங்கியது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் தனிக்குடும்பத்தை நிறுவியபோது கடன்சொற்களை விலக்கி, மூவிடப் பெயர்கள், எண்ணுப் பெயர்கள், வினைவடிவங்கள் ஆகியவற்றைப் பற்றினார். கிருமியின் கால்வழியை வரைபவர்களும் தாவும் துண்டுகளை முதலில் விலக்கிவிட்டு, மையப் பகுதியைக் கொண்டே மரத்தை அமைக்கின்றனர். பிறகு அம்மரத்தின் மீது கடன்களைப் பொருத்தி, எந்தக் கிளையில் எப்போது வந்தன எனக் காண்கின்றனர். அவ்வாறு கண்டபோது, எஸ்எக்ஸ்டி வகைத் துண்டு கண்டுபிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு முன்பே, 1978க்கும் 1984க்கும் இடையில், காலராக் கால்வழிக்குள் வந்துவிட்டது என்பது வெளிப்பட்டது. ஒரு சொல் கல்வெட்டில் முதலில் காணப்படும் ஆண்டு அச்சொல் பிறந்த ஆண்டன்று என்பதை நாம் மாணவர்களுக்கு மீண்டும் மீண்டும் சொல்கிறோம். மருந்தெதிர்ப்புக்கும் அது பொருந்தும். மருத்துவர் கண்ணில் படும்போது அது பழையதாகியிருக்கும்.

எட்டாவது பெருந்தொற்று வரவில்லை. ஓ1 மீண்டும் மேலோங்கியது. ஓ139 படிப்படியாக அருகியது. ஏன்? 2022இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் இந்திய ஆய்வாளர்களின் பெரும்பங்கோடு வெளியான ஆய்வு, 1992 முதல் 2015 வரையிலான 330 ஓ139 மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டது. அவை 3 அலைகளாகப் பிரிந்தன. முதல் அலையில் ஒரே சீராக இருந்த நச்சு மரபணு வகை, அடுத்தடுத்த அலைகளில் பலவாறாகச் சிதறியது. மருந்தெதிர்ப்பு மரபணுக்களும் படிப்படியாக இழக்கப்பட்டன. இவ்விரு மாற்றங்களும் அதன் வீழ்ச்சிக்குத் துணைநின்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருதுகோள். பரிணாமம் எப்போதும் வலிமையை நோக்கியே நகரும் என்ற பொதுநம்பிக்கைக்கு இது நல்ல மறுப்பு.

இக்கருவியின் ஆற்றலை உலகம் அறிந்தது ஹெய்ட்டியில். 2010 அக்டோபரில் அங்கே காலரா வெடித்தது. பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படையின் முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவே காரணம் என மக்கள் குற்றஞ்சாட்டினர். 2011இல் நேபாளத்தின் 24 மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, அவற்றுள் சில ஹெய்ட்டியின் கிருமியோடு ஓரிரு எழுத்துகளே வேறுபட்டன. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எளியோரின் குற்றச்சாட்டுக்கு மரபணு சான்றானது. ஆனால் தனித்து அன்று: முதல் நோயாளிகள் எந்த ஆற்றங்கரையில், எந்த நாளில் விழுந்தனர் என்ற களப்பதிவோடு சேர்ந்தே அது பேசியது.

இனி மும்பைக்கு வருவோம். உணவாலும் நீராலும் பரவும் டைபாய்டின் கிருமிக்கும் இதே வரலாறு எழுதப்பட்டு வருகிறது. 2022இல் 'லான்செட் மைக்ரோப்' இதழில் வந்த ஆய்வு 70க்கும் மேற்பட்ட நாடுகளின் 7,658 டைபாய்டு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டது. 1990க்குப் பின் மருந்தெதிர்ப்புக் கிளைகள் நாடு கடந்த நிகழ்வுகள் ஏறக்குறைய 200 எனவும், அவற்றில் பெரும்பாலானவை தெற்காசியாவிலிருந்து தொடங்கியவை எனவும் அது காட்டியது. அதே ஆண்டில் அச்சான மற்றோர் ஆய்வு, செஃப்ட்ரியாக்சோன் முதலான மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களுக்குக் கட்டுப்படாத டைபாய்டுக் கிருமி மும்பையில் தொடர்ந்து சுற்றிவருவதைப் பதிவுசெய்தது. இங்கும் எதிர்ப்பைச் சுமந்துவந்தது கடன்பொருளே: பிளாஸ்மிட் என்னும் தாவும் மரபணு வளையம். கடும் டைபாய்டுக்கு மருத்துவர்கள் நம்பியிருக்கும் மருந்தே பயனற்றுப்போவது இந்நகரத்துக்குச் சிறிய செய்தியன்று. பக்கத்து நகரான நவி மும்பை 2018இல் டைபாய்டு இணைத்தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் பொதுத்திட்டமாக வழங்கியது. அரசுத்துறை வழியாக அதை அறிமுகப்படுத்தியதில் உலகிலேயே முதல் முயற்சி அது.

இத்தகைய ஆய்வுகளை வாசிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, சான்றின் எல்லை. குளிர்பெட்டியில் சேமிக்கப்பட்ட மாதிரிகளிலிருந்து மட்டுமே மரம் வரைய முடியும். நல்ல ஆய்வகம் உள்ள ஊரின் கிளை அடர்ந்து தெரியும். ஆய்வகமில்லாத ஊர் வரலாற்றில் இல்லாததுபோலத் தோன்றும். 1849இல் பிலடெல்பியாவில் காலராவால் இறந்த ஒருவரின் குடற்பகுதி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்ததால், 2014இல் அக்கிருமியின் மரபணுவை வாசிக்க முடிந்தது. அதே நூற்றாண்டில் தஞ்சையிலும் பம்பாயிலும் மடிந்த பல்லாயிரவர் அப்படியொரு தடயத்தை விட்டுச்செல்லவில்லை.

இரண்டாவது, குற்றஞ்சுமத்தும் பழக்கம். 1866இல் யாத்திரிகர் மேல் விழுந்த பழி, இன்று தாராவியின் இட்லிக்காரர் மேலும் சாலையோரப் பானிபூரிக் கடை மேலும் எளிதாக விழும். நோயாளிகளின் மாதிரிகளை மட்டும் கொண்டு வரைந்த மரம், கிருமிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்று சொல்லும். அவை ஒரு தட்டிலிருந்து வந்தனவா, கழிவுநீர்க் குழாய்க்கு அருகில் உடைந்த குடிநீர்க் குழாயிலிருந்து வந்தனவா என்று சொல்லாது. அதற்கு உணவையும் நீரையும் கழிவையும் அதே கருவியால் வாசிக்க வேண்டும். குழாய்களின் வரைபடமும் நோயாளியின் முகவரியும் நாளும் வேண்டும். அவ்வாறு வாசித்தால், பழி பெரும்பாலும் கடைக்காரரைத் தாண்டி மாநகரின் கட்டமைப்பை நோக்கித் திரும்பக்கூடும். ஹெய்ட்டியில் திரும்பியது முகாமின் கழிவுநீர் ஏற்பாட்டை நோக்கித்தான்.

1992இல் மதராஸ் ஆய்வகங்கள் ஓ1 சீரத்தோடு பொருந்தாத கிருமியை 'காலரா அன்று' என எழுதிவைத்துத் தட்டைக் கழுவியிருந்தால், மேலே சொன்ன எதையும் நாம் அறிந்திருக்க மாட்டோம். பொருந்தாததை யாரோ எறியாமல் வைத்தார்கள். இடத்தையும் நாளையும் குறித்தார்கள். அதை வாசிக்கும் கருவி பிறகு வந்தது. சுவடியாயினும் கிருமியாயினும் ஆவணக் காப்பின் முதல் விதி இதுதான். நம் மருத்துவமனைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் வளர்ப்புத் தட்டுகள் நாள்தோறும் கழுவப்படுகின்றன. எவற்றை வைத்துக்கொள்வது, யார் செலவில், யாருடைய பொறுப்பில் என்ற கேள்வியை நுண்ணுயிரியலாளரோடு வரலாற்று மாணவர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய நேரம் இது.