மெடிகேர் உடனடி சிகிச்சை நிலையங்கள்

ஆஸ்திரேலியக் கூட்டரசின் நிதியில் இயங்கும் இலவச மருத்துவ நிலையங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் மறுநாள்வரை தள்ளிப்போட முடியாத காயங்களுக்கும் நோய்களுக்கும் இங்கே சிகிச்சை கிடைக்கும். முன்பதிவு தேவையில்லை. மெடிகேர் அட்டை உள்ளவர் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம். வாரத்தின் ஏழு நாளும், வழக்கமான கிளினிக்குகள் அடைத்த பிறகும் திறந்திருக்கும். முதல் நிலையங்கள் 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் செயல்படத் தொடங்கின.

பின்னணி

ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1984 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டணம் இல்லை. குடும்ப மருத்துவரிடம் நிலைமை வேறு. அரசு தரும் தொகையே போதும் என்று மருத்துவர் ஏற்றுக்கொண்டால் நோயாளிக்குச் செலவில்லை. இதற்குப் ‘பல்க் பில்லிங்’ என்று பெயர். அதற்கு மேல் கேட்டால் மிச்சத்தை நோயாளிதான் கட்ட வேண்டும். அந்த அரசுத் தொகை 2013இலிருந்து பல ஆண்டுகள் உயர்த்தப்படவே இல்லை. வாடகையும் ஊதியமும் ஏறிக்கொண்டே போக, மருத்துவர்கள் ஒவ்வொருவராகக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். 2020–21இல் குடும்ப மருத்துவச் சேவைகளில் ஏறத்தாழ 89 விழுக்காடு பல்க் பில்லிங்கில் நடந்தது. 2023–24இல் அது 77 விழுக்காடாகச் சரிந்தது.

இரவு ஏழு மணிக்குக் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், பல பெற்றோருக்கு எஞ்சிய ஒரே இலவசக் கதவு எமர்ஜென்சி என்றானது இப்படித்தான். அங்கே வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. ஆஸ்திரலேசிய வகைப்பாட்டின்படி நோயாளிகள் ஐந்து படிகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். முதல் படியில் இருப்பவரை அந்தக் கணமே பார்க்க வேண்டும். இரண்டாம் படிக்கு 10 நிமிடம், மூன்றாவதற்கு 30, நான்காவதற்கு 60, ஐந்தாவதற்கு 120 நிமிடம் என்பது இலக்கு. மாரடைப்பு நோயாளி வந்தால் காதுவலி காத்திருக்கத்தான் வேண்டும், அதுவே நியாயம். ஆனால் நெரிசல் மிகுந்த இரவில் கடைசி இரு படிகளில் உள்ளவர்களின் காத்திருப்பு பல மணி நேரம் நீண்டுவிடும். இந்த நிலையங்கள் அவர்களுக்காகவே உருவானவை.

செயல்பாடு

2022 தேர்தலில் தொழிற்கட்சி 50 நிலையங்களைத் திறப்பதாக வாக்குறுதி அளித்தது. 2023 முடிவதற்குள் 58 திறந்தன. அந்த எண்ணிக்கை பின்னர் 87 ஆனது. 2025 தேர்தலில் மேலும் 50 அறிவிக்கப்பட்டன. புதிய கட்டடங்கள் பெரும்பாலும் கட்டப்படவில்லை. ஏற்கெனவே இயங்கிவந்த குடும்ப மருத்துவ கிளினிக்குகளும் சமூக சுகாதார நிலையங்களும் ஒப்பந்த அடிப்படையில் இவற்றை நடத்துகின்றன. மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து சிறு எலும்பு முறிவு, சுளுக்கு, தையல் போட வேண்டிய வெட்டு, சிறு தீப்புண், காதுத் தொற்று, சிறுநீர்த் தொற்று, கண்ணில் விழுந்த தூசி ஆகியவற்றைக் கவனிக்கிறார்கள். எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் நிலையத்திலோ பக்கத்திலோ கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நிலையம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் எக்ஸ்ரே எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இது பெரிய குறை. கை ஒடிந்ததா, இல்லையா என்று தெரியாமல் வருபவரை மறுபடி மருத்துவமனைக்கே அனுப்ப நேர்கிறது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாத அறிகுறி, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு இங்கே வரவே கூடாது. 000 எண்ணை அழைக்க வேண்டும். எங்கே போவது என்று குழப்பம் இருந்தால் ஹெல்த்டைரக்ட் சேவையின் 1800 022 222 எண்ணில் எந்நேரமும் ஒரு செவிலியரிடம் பேசலாம்.

முன்னோடி

தலைநகர் கான்பெரா 2010இலேயே செவிலியர்கள் நடத்தும் இலவச நிலையம் ஒன்றைத் திறந்தது. இங்கிலாந்தில் அதற்குமுன் வந்திருந்த நிலையங்கள் அதற்கு மாதிரி. அது கான்பெரா மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருந்தது. வந்தவர்கள் திருப்தியோடு போனார்கள். ஆனால் பக்கத்திலிருந்த அவசரப் பிரிவின் கூட்டம் குறையவில்லை. 2014இல் அதை மூடிவிட்டு, பெல்கானன், டக்கரனாங் ஆகிய குடியிருப்புப் பகுதிகளுக்குச் சேவையை மாற்றினார்கள். மருத்துவமனை வாசலிலேயே மாற்றுவழி திறந்தால் அது புதிய கூட்டத்தையும் அங்கேயே இழுத்துவரக்கூடும் என்பது அந்த அனுபவம் தரும் பாடம்.

மதிப்பீடும் விவாதமும்

2025இல் வெளியான இடைக்கால மதிப்பீட்டின்படி, இந்த நிலையங்களில் ஒரு வருகைக்கு ஆகும் செலவு சுமார் 250 டாலர். அதே நோயாளி அவசரப் பிரிவுக்குப் போனால் 600 டாலருக்கு மேல். ஒப்பீடு சரிதான், ஆனால் வித்தியாசம் முழுவதும் மிச்சமாகிவிடாது. காதுவலிக் குழந்தை வராவிட்டாலும் அவசரப் பிரிவின் செவிலியரும் கருவிகளும் இரவு முழுக்க அங்கே இருந்தாக வேண்டும். மேலும், நிலையம் இல்லாதிருந்தால் எமர்ஜென்சிக்குப் போயிருப்போம் என்று சொன்னவர்கள் பாதிக்குச் சற்றே குறைவு. மற்றவர்களில் பலர் குடும்ப மருத்துவரிடம் போயிருக்கக்கூடியவர்கள். அந்தப் பணத்தைக் குடும்ப மருத்துவத்துக்கே நேராகத் தந்திருக்கலாம் என்று மருத்துவர் அமைப்புகள் சொல்வது இதனால்தான்.

அவசர மருத்துவ நிபுணர்களின் வாதம் இன்னும் ஆழமானது. அவசரப் பிரிவு நிரம்பி வழியக் காரணம் சுளுக்கோடு வருபவர் அல்லர்; அவர் படுக்கையைப் பிடிப்பதில்லை, சிகிச்சை முடிந்ததும் போய்விடுவார். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியவருக்கு மேல்மாடி வார்டில் படுக்கை இல்லாததால், அவர் எமர்ஜென்சியிலேயே கிடக்கிறார். முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்காத மூத்தவர்கள் வார்டை விட்டுப் போக முடியாமல் இருக்கிறார்கள். வாசலில் வாகனத்திலிருந்து இறக்க முடியாத நோயாளியோடு ஆம்புலன்ஸ்கள் நிற்கின்றன. இந்தச் சங்கிலியை எந்த இலவச கிளினிக்கும் அறுக்காது. ஆகவே மருத்துவமனை நெரிசலுக்குத் தீர்வாக இந்த நிலையங்களை விற்பது தவறு. ஆனால் நான்கு மணி நேரக் காத்திருப்பிலிருந்து ஒரு குழந்தையை இவை மீட்கின்றனவா என்று கேட்டால், மீட்கின்றன. அதுவே இவற்றுக்குப் போதிய நியாயம்.

மெடிகேர் அட்டை இல்லாதவர்கள்

11 நாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் உண்டு; அந்நாட்டினர் இங்கே வந்தால் மெடிகேரின் உதவி கிடைக்கும். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கச் சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ வரும் தமிழ்ப் பெற்றோருக்கு இது நேரடியாகப் பொருந்தும்: பயணக் காப்பீடு அவசியம். ஆனால் விக்டோரியா மாநிலம் தன் நிலையங்களை அட்டை இல்லாதவர்களுக்கும் இலவசமாகத் திறந்துவைத்தது. ஆங்கிலத்தில் வலியைச் சொல்லத் தடுமாறுபவர்கள் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 எண்ணில் அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.