பசு விழுங்கிய ஊசி

தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருவெண்ணெய்நல்லூருக்குப் பெயரிலேயே வெண்ணெய் இருக்கிறது. அம்பிகை வெண்ணெயால் கோட்டை கட்டி, அதற்குள் அமர்ந்து தவம் செய்தாள் என்பது தலபுராணம். கிழவராக வந்த சிவபெருமான் ஓலையைக் காட்டிச் சுந்தரரை ஆட்கொண்ட கதையும் ஊரறிந்தது. நான் சொல்ல வந்தது அந்த வெண்ணெயைத் தருகிற பசுவின் கதை.

பசு தின்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையா. நாக்கால் புல்லை வளைத்து உள்ளே இழுக்கும்; அப்போதைக்கு விழுங்கிவிட்டு, பிறகு சாவகாசமாக அசைபோடும். வைக்கோலோடு ஒரு தையல் ஊசியோ ஆணியோ வந்தால் அதற்கு எப்படித் தெரியும்? ஆடு அப்படியல்ல, உதட்டால் பொறுக்கித் தின்னும் சாமர்த்தியசாலி.

பசுவின் இரைப்பைக்கு நான்கு அறைகள். விழுங்கிய ஊசி பெரும்பாலும் தேன்கூடு போன்ற இரண்டாம் அறையில் தங்குகிறது. அதற்கு முன்னால் மெல்லிய உதரவிதானம்; அதைத் தாண்டினால் சில அங்குலத்தில் இதயம்! அறை சுருங்கும்போதெல்லாம் ஊசி முன்னே நகரக்கூடும். மாடு தீனியைத் தொடாது, முதுகை வளைத்து நிற்கும், படுக்க அஞ்சும். அந்தக் காலத்தில் மூங்கில் குழாயால் கஷாயம் புகட்டினார்கள், சூடு போட்டார்கள், திருஷ்டி கழித்தார்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. உள்ளே ஊசி இருப்பதை அவர்கள் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்?

விலங்கு வைத்தியம் நமக்குப் புதிதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தமது இரண்டாம் பாறைச் சாசனத்தில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் சிகிச்சை ஏற்பாடு செய்ததைச் சொல்லும்போது சோழ, பாண்டிய நாடுகளையும் குறிப்பிடுகிறார். ஆனால் வயிற்றைத் திறப்பது வேறு காரியம். 1874-ல் தாமஸ் ஹார்டி எழுதிய நாவலில், வயிறு உப்பிய ஆடுகளைக் கதாநாயகன் விலாவில் குழலைக் குத்திக் காப்பாற்றுகிறான். அது காற்றை வெளியேற்றுகிற வித்தை. கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டுமானால் மாடு வலியறியாமல் நிற்க வேண்டுமே! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புரோகெயின் போன்ற மரமரப்பு மருந்துகள் அதற்கு வழி செய்தன. மாட்டை நிற்க வைத்தபடியே இடப்பக்க விலாவை அறுத்து, வைத்தியர் தோள்வரை கையை நுழைத்துத் தேடுகிறார். இன்னொரு யுக்தியும் உண்டு. விரல் நீளக் காந்தம் ஒன்றை மாட்டுக்கு விழுங்கக் கொடுத்துவிட்டால், அது அந்தத் தேன்கூட்டு அறையிலேயே தங்கி, வருகிற ஆணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசு வந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்த அறுவையில் அதன் வயிற்றிலிருந்து எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக். நான்கைந்து மூட்டை அல்ல, ஒரு வளர்ந்த மனிதரின் எடை! ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது அதே ஆண்டு ஜனவரி முதல் தேதி.

கறந்ததும் மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடுகிறோம். மிச்சச் சோற்றைப் பையில் முடிச்சுப் போட்டு எறிகிறோம். முடிச்சை அவிழ்க்கப் பசுவுக்குக் கையா இருக்கிறது? பையோடு விழுங்குகிறது. அது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. உள்ளேயே திரண்டு உருண்டையாகிறது. பிளாஸ்டிக்கைக் காந்தம் தொடாது. விலா எலும்பு தெரிய மாடு இளைத்தாலும், வயிறு மட்டும் நன்றாகத் தின்ற மாட்டினுடையதைப் போலப் புடைத்தே நிற்கும்.