பிசாசு மீன்

திமிங்கிலம் பார்ப்பதற்கென்றே தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு ஜனங்களைப் படகில் ஏற்றிச் சென்ற முதல் மனிதர் சக் சேம்பர்லின் என்ற மீனவர் என்று சொல்கிறார்கள். கலிபோர்னியாவின் தென்கோடியிலுள்ள சான் டியேகோ துறைமுகத்தில் 1955-ஆம் வருஷம் நடந்த சங்கதி இது. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, துறைமுகத்தின் வாயிலில் நீட்டிக்கொண்டிருக்கும் பாயின்ட் லோமா முனையில், திமிங்கிலம் போவதைக் கரையிலிருந்தே பார்ப்பதற்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். முதல் வருஷமே 10,000 பேர் வந்தார்களாம்.

அதே திமிங்கிலத்தைத் தேடி, அதே குளிர்காலத்தில், நூறு வருஷம் முன்னாலும் இந்தக் கரையோரமாகப் படகுகள் போயின. அந்தப் படகுகளில் ஏறியவர்கள் டாலர் கொடுக்கவில்லை, வாங்கினார்கள். இந்த இரண்டு வியாபாரங்களுக்கும் நடுவே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் நான் ஒரு ஜனவரி மாதக் காலையில் சான் டியேகோவில் படகேறினேன்.

துறைமுகத்துக்குள் இருக்கும்வரையில் கடல் மரியாதையாக நடந்துகொண்டது. முனையைத் தாண்டியதும் படகு ஏறவும் இறங்கவும் தொடங்கியது. அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் மௌனமானார்கள். சிலர் பக்கக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திமிங்கிலத்தைவிடக் கரையையே அதிக ஆவலோடு பார்த்தார்கள். விளக்கம் சொல்ல வந்திருந்த அம்மாள் திடீரென்று ஒலிபெருக்கியில், "இரண்டு மணி! இரண்டு மணி!" என்று கூவினார். என் பக்கத்தில் நின்ற நம் ஊர்க்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பத்தரைதானே ஸார் ஆகிறது?" என்றார். படகையே ஒரு கடிகாரமாக வைத்து, முகப்பைப் பன்னிரண்டு மணி என்று கொண்டு திசை சொல்லும் வழக்கம் அது. இதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் முதல் மூச்சு காற்றில் கரைந்துவிட்டது. நல்லவேளையாக, திமிங்கிலம் ஒரே மூச்சோடு நிறுத்துகிற பிராணி அல்ல.

கொல்லன் பட்டறைத் துருத்தியை யாரோ ஒரே அமுக்காக அமுக்கியதுபோல் ஒரு சத்தம். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு வெண்புகை. அதன் கீழே, மழையில் நனைந்த பாறைபோல் ஒரு முதுகு உருண்டு வந்தது. சாம்பல் நிறம், ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள், படகின் அடியில் ஒட்டுமே, அந்தக் கொட்டலசுக் கூட்டம் தோலிலும் ஒட்டியிருந்தது. முதுகில் துடுப்பு இல்லை. வால் பக்கமாக வரிசையாகச் சில முண்டுகள் மட்டும். நாற்பது அடிக்கு மேல் நீளமும் முப்பது டன்னுக்குமேல் எடையும் உள்ள அந்த உடம்பு நான்கைந்து மூச்சு வாங்கிவிட்டு, வாலை நிமிர்த்தி, நீரைக்கூடச் சிதறாமல் உள்ளே போய்விட்டது. நூறு கெஜத்துக்கு இப்பால் நிற்க வேண்டும் என்பது அங்கே வழிகாட்டுதல். எங்கள் படகு எஞ்சினை அடக்கிக்கொண்டு காத்திருந்தது.

அவை நமக்காக நிற்பதில்லை. அலாஸ்காவுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில் கோடைகாலம் முழுவதும் சாப்பிட்டுவிட்டு, மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்குப் போகின்றன. போக ஐயாயிரம் மைல், திரும்ப ஐயாயிரம் மைல். முதலில் புறப்படுகிறவை சூல்கொண்ட பெண் திமிங்கிலங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்ணைப்போல், வெதுவெதுப்பான உப்பங்கழிக்குப் போகின்றன. அங்கே அலை இல்லை; சுறாவும் ஓர்க்காவும் அதிகம் நுழைவதில்லை. பதினைந்து அடிக் கன்று பிறந்து, பாதிக்கு மேல் கொழுப்பான பாலைக் குடித்து வளர்கிறது.

இந்தப் பிரசவ அறைகளுக்குள் எண்ணெய் வியாபாரம் நுழைந்தது 1845-46 குளிர்காலத்தில், மாக்தலேனா விரிகுடாவில். அக்காலத்தில் விளக்கு எரியவும் யந்திரம் ஓடவும் திமிங்கில எண்ணெய் வேண்டியிருந்தது. ஒரு கப்பலிலிருந்து ஆறு ஆறு பேராகச் சிறு படகுகளில் இறங்கி, எறியீட்டியால் குத்துவார்கள். கன்றைக் காயப்படுத்தினால் தாய் விட்டுப் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். தாய் விட்டுப் போகவில்லை. படகுகளை அடித்து நொறுக்கிற்று. ஆகவே அதற்குப் பிசாசு மீன் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையைக் குத்தியவனைத் தாக்கினால் பிசாசு! இந்தப் பெயரை வைத்தவர்களின் வீட்டிலும் தாய்மார்கள் இருந்திருப்பார்கள்.

இவர்களில் சார்லஸ் ஸ்கேமன் ஒருவரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 1825-இல் மெய்ன் மாகாணத்தில் பிறந்தவர். தங்க மோகம் பிடித்த காலத்தில் கலிபோர்னியாவுக்கு வந்து, தங்கத்துக்குப் பதில் எண்ணெய்க் கப்பலுக்குத் தலைவரானார். 1857-ஆம் வருஷக் கடைசியில் 'பாஸ்டன்' என்ற கப்பலோடும் 'மரின்' என்ற சிறு கப்பலோடும், மணல்திட்டுகளைத் தாண்டி, ஓஹோ தெ லியேப்ரே என்ற உப்பங்கழிக்குள் புகுந்தார். வேறு எண்ணெய்க் கப்பல் எதுவும் அதுவரை நுழையாத இடம். உள்ளே தாயும் கன்றுமாகத் திமிங்கிலங்கள்.

தொடக்கத்தில் வேட்டை சுலபமாக நடந்தது. பிறகு தாய்கள் படகுகளைத் தாக்கின; படகு உடைந்தது, ஆட்களுக்கு எலும்பு முறிந்தது, மிஞ்சியவர்கள் படகில் ஏறவே பயந்தார்கள். ஸ்கேமன் யோசித்தார். திமிங்கிலம் நீந்த முடியாத ஆழமற்ற ஓரத்தில் படகுகளை நங்கூரமிட்டு நிறுத்தினார். ஆழமான கால்வாய் வழியாகத் தாய் கடந்து போகும்போது, துப்பாக்கியிலிருந்து வெடிகுண்டு ஈட்டியைச் சுடச் செய்தார். அப்புறம் ஒரு மனிதனுக்கும் காயமில்லை. பீப்பாய்கள் நிறைந்தன. பீப்பாய் தீர்ந்ததும் ரொட்டி வைக்கும் பெட்டிகளிலும், எண்ணெய் காய்ச்சும் கொப்பரைகளிலும்கூட ஊற்றிக்கொண்டு கப்பல் திரும்பிற்று. அடுத்த குளிர்காலத்தில் மற்றக் கப்பல்கள் அவர் பின்னாலேயே வந்தன. சில வருஷங்களில் கழி காலியாயிற்று. அதற்கு 'ஸ்கேமன் கழி' என்ற பெயர் மட்டும் நின்றது.

கதை இதோடு முடிந்திருந்தால் ஸ்கேமனை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் வேட்டையை விட்டு, அரசாங்கக் கடற்காவல் கப்பலில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் கடல் பிராணிகளைப் பற்றி ஒரு பெரும் புத்தகம் எழுதினார். 1874-இல் வெளிவந்தது. சாம்பல் திமிங்கிலத்தின் நீளம், சுற்றளவு, பழக்கவழக்கம், கன்று வளர்ப்பு எல்லாம் அதில் உண்டு. இந்த இனமே சீக்கிரம் அழிந்துபோகலாம் என்ற கவலையும் உண்டு. அத்தனை உடல்களை அறுத்துப் பார்த்திராவிட்டால் அத்தனை அளவுகள் எழுதியிருக்க முடியாது. புத்தகம் விற்கவில்லை. விற்காத பிரதிகள் 1906-இல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தோடு வந்த நெருப்பில் எரிந்துபோயின. விற்காத புத்தகம் எழுதிய எவனுக்கும் இந்த இடத்தில் அவர்மேல் ஒரு கணம் இரக்கம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த இரக்கத்தைக் கொண்டு கழியில் நடந்ததைக் கழுவிவிட எனக்கு மனமில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சாம்பல் திமிங்கிலம் தீர்ந்துபோயிற்று என்றே விஞ்ஞானிகள் பலர் நினைத்தார்கள். கொரியாவில் 'பிசாசு மீன்' பிடிபடுகிறது என்று கேள்விப்பட்ட ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர், 1912-இல் அங்குள்ள உல்சான் துறைக்குப் போய்ப் பார்த்தார், அதேதான். கலிபோர்னியப் பக்கத்திலும் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. 1937-இல் ஒன்றும் 1946-இல் ஒன்றுமாகச் சர்வதேச உடன்படிக்கைகள் வந்து, ஆதிவாசிகளின் வேட்டையைத் தவிர மற்றதை நிறுத்தின. 1956-இல், ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது வைத்தியம் பார்த்த டாக்டர் பால் டட்லி ஒய்ட், திமிங்கிலத்தின் இருதயத் துடிப்பைப் பதிவு செய்ய அதே ஸ்கேமன் கழிக்குப் போனார். எண்ணெய்க்காகக் குத்திய இடத்தில், நாடி பார்க்க ஒரு வைத்தியர்!

1972-இல் ஓஹோ தெ லியேப்ரேயை மெக்ஸிகோ அரசாங்கம் திமிங்கிலச் சரணாலயமாக்கிற்று. அதே வருஷம் தெற்கே சான் இக்னாசியோ கழியில், பாச்சிகோ மயோரல் என்ற மீனவரின் சிறு படகருகே ஒரு திமிங்கிலம் வந்து நின்று, விலகவே இல்லை. கடைசியில் அவர் பயந்து பயந்து கையை நீட்டித் தொட்டார். இன்று அந்தக் கழியில் தாய்கள் கன்றுகளைப் படகருகே கூட்டி வருகின்றன. ஜனங்கள் தடவிக் கொடுக்கிறார்கள். இதைத் திமிங்கிலங்கள் மனிதனை மன்னித்துவிட்டன என்று எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. ஸ்கேமனின் குண்டுக்குத் தப்பியவை எப்போதோ செத்துப்போயின. இப்போது வருகிறவைகளுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. தெரிந்தால் வருமா என்பதுதான் என் கேள்வி.

1994-இல் அமெரிக்கா, அழியும் பிராணிகளின் பட்டியலிலிருந்து கலிபோர்னியப் பக்கத்துச் சாம்பல் திமிங்கிலங்களை நீக்கிற்று. கலிபோர்னியாவின் நடுப்பகுதியில் குளிர்காலத்தில் பாறைமேல் உட்கார்ந்து, கடந்து போகும் முதுகுகளை எண்ணுகிறார்கள். 2016-இல் கணக்கு சுமார் 27,000. 2019 முதல் இளைத்த உடல்கள் கரையில் ஒதுங்கத் தொடங்கின. ஆர்க்டிக் பனி குறைவதால் கடலடியில் இவை தின்னும் சிறு பிராணிகள் குறைந்ததே முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். 2025-இல் சுமார் 13,000 தான் எஞ்சியிருந்தன. அந்த வசந்தத்தில் தாயோடு வடக்கே திரும்பிய கன்றுகளையும் எண்ணினார்கள். சுமார் 85.