தென்னைக்கு வந்து சேரும் நியூட்ரான்

கீரமங்கலத்துத் தென்னந்தோப்புகளுக்கு நேர் மேலே, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நியூட்ரான் பிறக்கிறது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான் ஒன்று காற்றிலுள்ள நைட்ரஜன் அணுவின் கருவைத் தாக்குகிறது; அந்தச் சிதறலில் தெறித்து வருவது அது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால் வலுக்குறைந்த விண்கதிர்களைக் காந்தப்புலம் திருப்பிவிட, பேராற்றல் கொண்டவை மட்டுமே நம் வானத்துக்குள் நுழைகின்றன.

நியூட்ரான் போன்ற மின்னூட்டம் இல்லாத துகளை எப்படி எண்ணுவது? 1930களின் இறுதியில் அமெரிக்க இயற்பியலர் செர்ஜ் கோர்ஃப், போரான் டிரைஃபுளோரைடு வாயு நிரப்பிய குழாய்களைப் பலூனில் மேலே அனுப்பினார். மெதுவாக வரும் நியூட்ரானைப் போரான் கரு விழுங்கியதும் ஓர் ஆல்ஃபா துகள் வெளிப்படும். அது குழாய்க்குள் எழுப்பும் மின்துடிப்புதான் கணக்கு.

உயரம் கூடக் கூட எண்ணிக்கை ஏறியது. 40,000, 50,000 அடி வரை ஏறி, அதற்கு மேல் குறைந்தது. அந்த இறக்கம்தான் பெரிய செய்தி. நியூட்ரான்கள் விண்வெளியிலிருந்தே வந்திருந்தால் மேலே போகப் போக எண்ணிக்கை குறைந்திருக்காது. தனித்த நியூட்ரானின் சராசரி ஆயுளும் கால் மணி நேரம்தான். ஆக, அது நம் காற்றிலேயே பிறக்கிறது.

பிறந்தது முதல் காற்றணுக்களில் மோதி மோதி வேகம் இழக்கிறது. விமானம் பறக்கும் உயரத்தில் கடல்மட்டத்தைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கும் நியூட்ரான் கூட்டம், தரைக்கு வருவதற்குள் சொற்பமாகிவிடும். வேகம் தணிந்தவற்றில் பெரும்பாலானவற்றை நைட்ரஜன் கரு வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. ஒரு புரோட்டானை உதறிவிட்டுக் கார்பன்-14 ஆகிறது.

அந்தக் கார்பன் கரியமில வாயுவாகிக் காற்றோடு கலந்து இறங்க, தென்னையும் பலாவும் மல்லிகையும் இலைவழியே அதை எடுத்துக்கொள்கின்றன. மரம் உயிரோடு இருக்கும்வரை இந்த வரவு நிற்காது. மரம் பட்டுப்போனதும் வரவு நின்று, உள்ளே இருக்கும் கார்பன்-14 சிதைந்து 5,730 ஆண்டுகளில் பாதியாகும். கோர்ஃப்பின் அளவீடுகளைப் பற்றிக்கொண்டு வில்லார்ட் லிபி இதைக் காலக்கணிப்பு முறையாக்கினார். 1960இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

கீழடியின் கரிம மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று தெரிந்தது இந்த முறையில்தான். கீரமங்கலத்தை அடுத்த வில்லுனி ஆற்றங்கரையில், அம்பலத்திடலில், முதுமக்கள் தாழிகளும் கறுப்பு சிவப்புப் பானையோடுகளும் கிடைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில் மண்வெட்டிக்குத் தட்டுப்படும் கரித்துண்டு குப்பை அல்ல. அதை எடுக்காமல் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வயது கரிக்குள் இருக்கிறது. அது யாருடைய காலம் என்பதை, கரி கிடந்த மண்ணடுக்கு மட்டுமே சொல்லும்.