வீசியெறிந்த வேலை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் வேலையை வீசியெறிந்து கொடுத்த காலம் ஒன்று உண்டு. விடிந்ததும் ஆட்கள் வந்து கூடுவார்கள். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கக் குத்தகை எடுத்த ஸ்டீவ்டோர் கம்பெனியின் மூப்பன் வருவான். கை நிறைய உலோக வில்லைகளை எடுத்துக் கூட்டத்தின் தலைக்கு மேல் எறிவான். அந்த வில்லைக்குச் சாப்பா என்று பெயர். சாப்பா சிக்கியவனுக்கு அன்று கப்பலில் வேலை. சிக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். ஒரு வில்லைக்குப் பத்துக் கைகள் பாயும்போது யார் விரல் ஒடிந்தது, யார் மண்டை உடைந்தது என்று மூப்பன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

நான் துறைமுகத்தில் வேலை பார்த்தவன் அல்ல. அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்கெழுதினார். நான் எர்ணாகுளம் பக்கத்து ஆலை ஒன்றின் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். மாதாமாதம் ஷிப்ட் பட்டியல் எழுதிப் பலகையில் ஒட்டுவது என் வேலை. சாப்பாக் கதையைக் கேட்பவர்கள் அடிதடியைத்தான் நினைப்பார்கள். எனக்கு முதலில் உறுத்துவது வேறொன்று. அந்த ஏற்பாட்டில் பட்டியலே கிடையாது. நேற்று எவன் ஏறினான், நான்கு நாளாய் யாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது எந்தத் தாளிலும் இல்லை. பட்டியல் இருந்தால்தானே ‘சார், போன வாரமும் எனக்கு ராத்திரி ஷிப்ட்’ என்று ஒருவன் வந்து சண்டை போட முடியும்? எறிந்த வில்லையிடம் எதைக் காட்டிச் சண்டை போடுவது?

கொச்சிக்கு இத்தனை ஆட்கள் வந்து சேர்ந்ததே துறைமுகத்தால்தான். ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினீயர் கடல் வாயில் கிடந்த மணல்திட்டை வெட்டி வழி திறந்து, 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பலை உள்ளே கொண்டுவந்தார். தோண்டிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவு எழுந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகம் ஆயிற்று. ஆனால் கப்பல் ஆலை மாதிரி அல்ல. ஒரு நாள் நான்கு நிற்கும், அடுத்த நாள் ஒன்றும் இருக்காது. அந்த ஏற்ற இறக்கத்தின் செலவை யார் சுமப்பது? முதலாளிக்கு, கப்பல் அதிகமான நாளில் வேண்டிய அத்தனை ஆட்களும் கரையில் தயாராக நிற்க வேண்டும். வேலையில்லாத நாளில் அவர்களுக்கு ஒரு சல்லியும் கொடுக்கக் கூடாது. சாப்பா இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

மூப்பனைப் பற்றிக் கேட்டால் நமக்குக் கங்காணி நினைவு வரும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் ஆளை நிறுத்தி, இவன் இந்த மலைக்கு, இவள் அந்த மலைக்கு என்று கங்காணி பிரித்தார். கொடுமைக்கு அங்கேயும் குறைவில்லை. ஆனால் தோட்டத்துக்கு ஆள் தேவை. கடனில் கட்டியாவது நிறுத்திக்கொண்டார்கள், பெயரை எழுதி வைத்துக்கொண்டார்கள். மட்டாஞ்சேரியில் ஆள் மிச்சம். மிச்சமானவனின் பெயரை யார் எழுதுவார்கள்?

சாப்பா பறந்த காலத்தில் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் என்ன கொடுத்திருந்தது என்று பாருங்கள். 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டப்படி ஷிப்ட் முறையை எழுத்தில் வைத்தாக வேண்டியிருந்தது. அதன் மாதிரி விதிகளில், ஓர் ஆளை ஒரு ஷிப்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம், ஆனால் ஒரு ஷிப்டையே நிறுத்துவதென்றால் இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும் என்றிருந்தது. 1947இன் தொழில் தகராறு சட்டத்தில் பின்னால் வந்த திருத்தப்படி, நிலையாணைக்குப் புறம்பாக ஷிப்டில் கை வைத்தால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. 1948இன் தொழிற்சாலைச் சட்டத்தில் வேலை நேர அறிவிப்பு ஆலையில் தெரியும்படி தொங்க வேண்டியிருந்தது. நான் பட்டியல் ஒட்டியதெல்லாம் இந்த மூன்றின் பலத்தில்தான். படகேறினால் எட்டிவிடும் தூரத்தில் ஆலைத் தொழிலாளிக்கு இரண்டு மாத நோட்டீஸ்; கப்பல் தொழிலாளிக்கு வில்லை காற்றில் பறக்கும் நேரம் மட்டும்.

துறைமுகத்துக்கென்றும் 1948இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது: கப்பல் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம். துறைமுகத்துக்குத் துறைமுகம் தனித் திட்டம் போட்டால்தான் அது உயிர் பெறும். கொச்சிக்குத் திட்டம் வரவில்லை, சாப்பாதான் தொடர்ந்தது. 1953இல் கொச்சி துறைமுகத் தொழிலாளி யூனியன் அதை ஒழிக்க வேண்டும் என்று நின்றது. 75 நாள் போராட்டம். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி இருவரும் குண்டுபட்டு இறந்தார்கள். ஆன்டணி போலீஸ் அடியில் இறந்தார். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் அப்போது ஏ.ஜே. ஜான் முதலமைச்சர். பின்னாளில் கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக்கினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் எழுத்தில், ராஜீவ் ரவி இயக்கத்தில் 2023இல் ‘துறமுகம்’ என்று படமாகவும் வந்தது. வில்லை எறியும் காட்சிக்காகவே பார்க்கலாம்.

எறிவது கொச்சிக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மார்லன் பிராண்டோ நடித்து 1954இல் வந்த ‘ஆன் த வாட்டர்ஃபிரண்ட்’ படத்திலும் நியூ ஜெர்சித் துறையில் வில்லை பறக்கிறது, ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். அங்கே ஆட்களை அரைவட்டமாக நிறுத்தி ஃபோர்மேன் பொறுக்கியெடுக்கும் வழக்கத்தை மாநிலங்கள் சட்டம் போட்டு நிறுத்தியதும் 1953இல்தான். லண்டன் கப்பல் தொழிலாளர் 1889 வேலைநிறுத்தத்தில் கேட்டவற்றில் ஒன்று, கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேலை கொடு என்பது. லிவர்பூலில் 1912இல் ஒரு திட்டம் போட்டார்கள். அதிலும் உலோக வில்லை உண்டு. ஆனால் அது தொழிலாளியின் பையில் இருந்தது, அதில் அவனுடைய எண் இருந்தது. வில்லை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கொச்சிக்கான திட்டம் 1959இல் வந்தது. கப்பல் தொழிலாளர் வாரியம் அமைந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்புக்கும் அதில் சம இடம். பதிவேட்டில் பெயர் ஏறியவனுக்கு எண் இருந்தது. கம்பெனி ஆள் கேட்டால் வாரியம் சுழற்சி முறையில் அனுப்பியது. மூப்பனுக்குப் பிடித்தவன் என்ற பேச்சே இல்லை. முறைப்படி வந்து நின்றும் வேலை இல்லையென்றால் வருகைப் படி. வேலைக்கென்று வரவழைத்துவிட்டு வேலை தொடங்காமல் போனால் அதற்கும் ஒரு தொகை. மாதத்தில் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி என்ற உத்தரவாதமும் இருந்தது. இதற்கெல்லாம் பணம் கம்பெனிகளிடம் கூலிக்கு மேல் தீர்வையாக வாங்கியது. கப்பல் வராத நாளின் செலவு கரையில் நின்றவன் வயிற்றிலிருந்து கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கு நகர்ந்தது. மூன்று உயிர் போனது இதற்காகத்தான் என்பேன்.

ஆனாலும் பட்டியல் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சுழற்சி என்றாலே நியாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவனுக்கு முந்திரி மூட்டை, இன்னொருவனுக்குக் கந்தகம். இருவருக்கும் ஆளுக்கொரு முறை. கந்தகக்காரன் கண்ணெரிச்சலோடு வீடு திரும்புகிறான். சரக்கின் எடைக்குக் கூலி என்றால் ஒரே எண்ணிக்கை முறையில் இருவர் வீட்டு வருமானமும் வேறுபடும். எங்கள் ஆலையில் ராத்திரி ஷிப்டைச் சமமாகத்தான் பிரித்தேன். ஓணத்தன்று ராத்திரி எவனுக்கு விழுகிறது என்பதில் வருடா வருடம் மனக்கசப்பு. கடைசியில் பண்டிகை நாட்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு சுழற்சி எழுதத் தொடங்கினேன். சண்டை நிற்கவில்லை, ஆனால் பாதியாகக் குறைந்தது.

இன்னொரு விஷயம், பதிவேடு என்றால் அதற்கு ஒரு மூடி வேண்டும். யாரை வேண்டுமானாலும் சேர்த்தால் ஆளுக்கு மாதம் இரண்டு முறைதான் வரும். எனவே உள்ளே இருப்பவனுக்கு நியாயம், வெளியே நிற்பவனுக்குக் கதவு. பிறகு உள்ளே இருப்பவனின் நிலையும் மாறியது. 1997இல் பெருந்துறைமுகங்களில் வாரியங்களைத் துறைமுகத்தோடு இணைக்க வழிவிட்டுச் சட்டம் வந்தது. 2011இல் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் திறந்தது. பெட்டியைக் கிரேன் தூக்குகிறது; மூட்டை சுமந்தவனின் முறை எங்கே வரும்?

மூட்டை சுமப்பது கரையில் இன்னும் இருக்கிறது. பஜார் ரோட்டில் லாரி வந்து நின்றால் சுமட்டுத் தொழிலாளர்கள் வருகிறார்கள். கேரளத்தின் 1978 சுமட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்கும் பதிவு, அட்டை, நல வாரியம் எல்லாம் கொடுத்தது. அதே கூட்டங்களில் சில, சுமக்காத மூட்டைக்கும் காசு கேட்டன. நோக்குகூலி என்று ஊரே சபித்தது. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது. தடை செய்தது சரிதான். வீட்டுச் சாமானை நாமே இறக்கும்போது பக்கத்தில் நின்று கை நீட்டுபவன் மேல் எனக்கும் கோபம் வந்திருக்கிறது. ஆனால் என் முறையை நீ எடுத்துக்கொண்டாய், அதற்குக் கூலி கொடு என்று அவன் கேட்கும்போது, இந்த ஊரில் அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும்.