விளங்குதல்

'புரிகிறதா?' என்று கேட்க 'ஏல, வெளங்குதா?' என்பது திருநெல்வேலிப் பேச்சு. யாழ்ப்பாணத்திலும் 'விளங்குதோ?' என்றுதான் கேட்பார்கள். விளங்குதல் என்றால் ஒளிவிடுதல். விளக்கு, விளக்கம் எல்லாம் அதே வேர். செழித்தல் என்ற பொருளும் உண்டு. 'வெளங்காம போயிருவ' என்ற ஏச்சு அறிவைப் பற்றியதல்ல, வாழ்வைப் பற்றியது. புரிதலுக்கோ பழைய பொருள்கள் வேறு: விரும்புதல், செய்தல், முறுக்குதல். முப்புரி நூலில் அந்த முறுக்கு இன்னும் இருக்கிறது.

ஆங்கிலத்தின் 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்பதில் 'நான்' எழுவாய். தமிழில் விஷயம்தான் எழுவாய். அது 'எனக்கு' விளங்குகிறது. ஆங்கிலத்திலும் இடத்துக்கேற்பச் சொல் மாறும். பேச்சின் நடுவே ஒன்று சட்டென்று தெளிந்தால் 'ஐ சீ' பொருந்தும். கணக்கு பிடிபட்டால் 'ஐ காட் இட்'. ஒருவர் தம் துயரத்தைச் சொல்லும்போது இவ்விரண்டும் ஆகாது. 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' தான் சரி. அந்த இடத்தில் தமிழிலும் 'விளங்குது' போதாது, 'புரியுது' வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.